ஒப்பிட்டுப் பார்க்காத எழுத்து: மர்வு நூலகங்கள் முதல் இணைய நூலகங்கள் வரை

மனிதன் மரணித்துவிட்டால் அவனுடைய செயல்கள் நின்றுவிடுகின்றன. மூன்று மட்டும் தொடர்கின்றன என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். நிலையான தர்மம், பயன் தரும் கல்வி, தனக்காகப் பிரார்த்திக்கும் நற்குழந்தை ஆகியவையே அம்மூன்றும். இவற்றுள் முதலிரண்டும் ஒன்றாகக் கூடும் அறச்செயல் ஒன்று உண்டு. நூல்களைத் திரட்டி, பிழையறச் செய்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கும்படி வழங்குவதே அது. நம் முன்னோர் அதனை வக்ஃபு நூலகங்களாகச் செய்தனர். இன்று உலகெங்கும் முகமறியாத தன்னார்வலர்கள் அதனை இணைய நூலகங்களாகச் செய்து வருகின்றனர்.

இவ்விரு காலங்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்போது ஓர் உண்மை புலப்படுகிறது. நூல்களைக் குவிப்பதனால் மட்டும் நூலகம் உருவாகிவிடுவதில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவர் பொறுமையோடு ஒப்பிட்டுத் திருத்துவதனால்தான் அது நம்பத்தகுந்த நூலகமாக நிலைக்கிறது. அந்த ஒப்பிடும் பணியின் வரலாறே இக்கட்டுரை.

மர்வு நகரின் பத்து நூலகங்கள்

ஹிஜ்ரி 626-இல் (கி.பி. 1229) மறைந்த புவியியல் அறிஞர் யாகூத் அல்-ஹமவீ அவர்கள் இளமையில் அடிமையாக இருந்தவர், பக்தாதில் ஒரு வணிகரால் விலைக்கு வாங்கப்பட்டவர். விடுதலை பெற்றபின் நூல்களைப் படியெடுத்துக் கொடுத்துப் பிழைத்தார். அவர் இன்றைய துர்க்மெனிஸ்தானில் உள்ள மர்வு நகரில் தங்கியிருந்த காலத்தில் அங்கே வக்ஃபு செய்யப்பட்ட நூலகங்கள் பத்து இருந்தனவென்று பதிவு செய்துள்ளார். அவற்றுள் அல்-அஸீஸிய்யா என்னும் ஒன்றில் மட்டும் ஏறத்தாழ 12,000 நூல்கள் இருந்தன.

அவர் வியந்து போற்றியது நூல்களின் எண்ணிக்கையை மட்டுமன்று. இரவல் பெறுவது அங்கே அத்துணை எளிதாக இருந்தது. தம் இல்லத்தில் எந்நேரமும் 200 நூல்களுக்குக் குறையாமல் இருந்தனவென்றும், அவற்றுள் பெரும்பாலானவற்றுக்கு ஈட்டுப்பொருள் கூடக் கேட்கப்படவில்லை என்றும் அவர் எழுதுகிறார். நாடுகளையும் நகரங்களையும் அகரவரிசையில் விளக்கும் அவருடைய ‘முஃஜமுல் புல்தான்’ என்னும் பேரகராதி, பெரிதும் அந்நூலகங்களிலிருந்து திரட்டிய செய்திகளால் உருவானது. பொருளற்ற ஓர் அறிஞரை நம்பி இரவல் கொடுத்த நூலகத்தின் பயனை எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னும் உலகம் அனுபவித்துக்கொண்டிருக்கிறது.

மங்கோலியர் படையெடுப்பின் அச்சத்தால் யாகூத் மர்வை விட்டு வெளியேறினார். 1221-இல் அந்நகரம் அழிக்கப்பட்டது, நூலகங்களும் அழிந்தன. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு எவ்வளவு எளிதில் இல்லாமற் போகும் என்பதற்கு மர்வு ஒரு சான்று.

வக்ஃபின் நிபந்தனை

கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை என்ன செய்வதென்று உமர் (ரலி) அவர்கள் நபிகளாரிடம் ஆலோசனை கேட்டார்கள். மூலத்தை நிறுத்திவைத்து, பயனை மட்டும் வழங்குமாறு நபிகளார் வழிகாட்டினார்கள். அந்நிலம் விற்கப்படலாகாது; அன்பளிப்பாக வழங்கப்படலாகாது; வாரிசுரிமையாகப் பிரிக்கப்படலாகாது. பிற்காலத்தில் நூல்களை வக்ஃபு செய்தவர்கள் இந்நிபந்தனைகளையே நூலின் முதல் ஏட்டில் எழுதிவைத்தனர். பழைய அரபுக் கையெழுத்துச் சுவடிகள் பலவற்றில் இவ்வாசகத்தை இன்றும் காணலாம்.

இன்றைய கட்டணமற்ற மின்னூலகத்தின் அடிப்படையும் இதுவேயாகும். எவரும் படிக்கலாம், எவரும் படியெடுக்கலாம், எவரும் தமக்கே உரியதென்று பூட்டிவைக்க இயலாது என்பதே அதன் சாரம். இதில் இன்னொரு வசதியும் சேர்ந்துள்ளது. நிலத்தின் விளைச்சல் பகிரப் பகிரக் குறையும். மின்னூலை ஆயிரம் பேர் எடுத்துக்கொண்டாலும் மூலம் அப்படியே இருக்கும். மர்வுக்கு நேர்ந்த கதி நேராதபடி பல நாடுகளில் அதன் பிரதிகளைக் காத்தும் வைக்கலாம்.

முகாபலா என்னும் ஒழுங்கு

அச்சு இயந்திரம் இல்லாத காலத்தில் ஒவ்வொரு பிரதியும் கையால் எழுதப்பட்டது. எழுதும் கை சோரும். கண் ஒரு வரியைத் தாண்டிச் செல்லும். ஆகவே எழுதி முடித்தபின் மூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுவதை ஹதீஸ் கலை அறிஞர்கள் கடமையெனக் கருதினர். இதற்கு முகாபலா என்று பெயர். உர்வா இப்னு ஸுபைர் (ரஹ்) அவர்கள் தம் மகன் ஹிஷாமிடம், எழுதினாயா என்று வினவினார்கள். மகன் ஆம் என்றார். ஒப்பிட்டாயா என்று வினவ, இல்லை என்றார். அப்படியானால் நீ எழுதவேயில்லை என்ற கருத்தில் தந்தை பதிலளித்ததாக அறிவிப்பு உள்ளது.

ஹிஜ்ரி 463-இல் (கி.பி. 1071) மறைந்த கதீப் அல்-பக்தாதீ (ரஹ்) அவர்கள் கூறிய நடைமுறை ஒன்று மிக நுட்பமானது. ஒவ்வொரு ஹதீஸுக்கும் இடையே எழுத்தர் ஒரு சிறு வட்டம் இடவேண்டும். அவ்வட்டம் வெறுமையாக இருக்கவேண்டும். மூலத்தோடு ஒப்பிட்டு முடித்தபின் அவ்வட்டத்தின் நடுவே ஒரு புள்ளி வைக்கவேண்டும். வெறும் வட்டமாயின் இன்னும் சரிபார்க்கப்படவில்லை. புள்ளியிட்ட வட்டமாயின் சரிபார்க்கப்பட்டது. படிப்பவர் ஒரு பார்வையில் அதன் தரத்தை அறிந்துகொள்வார்.

ஹிஜ்ரி 643-இல் (கி.பி. 1245) திமிஷ்கில் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது ஹதீஸ் கலை நூலில் இத்தகைய குறியீடுகளை விரிவாக விளக்கியுள்ளார்கள். ஒரு சொல் ஐயத்திற்கிடமாகத் தோன்றினும் உண்மையில் சரியானதாக இருந்தால் அதன்மேல் ‘ஸஹ்ஹ’ என்று எழுதுவர். மூலத்தில் அவ்வாறே இருந்து, ஆனால் பிழையெனத் தோன்றினால், அதனைத் திருத்தாமல் அப்படியே விட்டு அதன்மேல் ஒரு குறியை மட்டும் இடுவர். எழுத்தர் தம் அறிவை நம்பி மூலத்தை மாற்றத் தொடங்கினால், ஒரு நாள் சரியானதையும் பிழையாக்கிவிடுவார் என்பதே இதன் காரணம்.

இலினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர்

1971 ஜூலை 4 அன்று, அமெரிக்காவின் இலினாய் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் ஹார்ட் என்னும் மாணவர், அந்நாட்டின் விடுதலைப் பிரகடனத்தைப் பல்கலைக்கழகப் பெருங்கணினியில் தட்டச்சு செய்தார். அக்கணினியில் ஆங்கிலச் சிறிய எழுத்துகள் கிடையா. எல்லாம் பெரிய எழுத்துகளே. கணினியின் மாபெரும் பயன் கணக்கிடுவதில் இல்லை. நூலகங்களில் உள்ளவற்றைச் சேமித்துத் தேடித் தருவதிலேயே இருக்கும் என்று அவர் நம்பினார். குட்டன்பெர்க் திட்டம் என்னும் கட்டணமற்ற மின்னூலகம் இவ்வாறு பிறந்தது.

அதன் வளர்ச்சி மிக மெதுவாகவே இருந்தது. நீண்ட காலம் பெரும்பாலும் அவரே தட்டச்சு செய்தார். ஆயிரமாவது நூலை எட்ட 1997 வரை, அதாவது 26 ஆண்டுகள் ஆயின. ஆனால் பத்தாயிரமாவது நூல் 2003-லேயே வெளிவந்துவிட்டது. இடைப்பட்ட ஆறாண்டுகளில் நிகழ்ந்தது என்ன?

2000-ஆம் ஆண்டில் சார்ல்ஸ் பிராங்க்ஸ் என்பவர் ஒரு புதிய முறையை வகுத்தார். முழு நூலை ஒருவரிடம் ஒப்படைத்தால் பலர் அஞ்சி விலகுவர். ஒரு பக்கத்தை மட்டும் கொடுத்தால் எவரும் செய்வர். ஆகவே நூலின் ஒவ்வொரு பக்கத்தின் படத்தையும், கணினி அதிலிருந்து படித்தெடுத்த எழுத்தையும் திரையில் அருகருகே காட்டி, இரண்டையும் ஒப்பிட்டுத் திருத்தும்படி தன்னார்வலர்களை அழைத்தார். பகிர்ந்து மெய்ப்புப் பார்க்கும் இத்தளத்தின் வேண்டுகோள் மிக எளியது: நாளுக்கு ஒரு பக்கம். 2002 நவம்பரில் புகழ்பெற்ற ஒரு தொழில்நுட்பச் செய்தித்தளம் இம்முயற்சியைக் குறிப்பிட்டபோது, ஒரே நாளில் 4,000-க்கும் மேற்பட்டோர் இணைந்தனர்.

கூட்டம் பெருகியபோது ஒழுங்கும் தேவையாயிற்று. தொடக்கத்தில் ஒரு பக்கம் இரண்டு சுற்றுகளில் பார்க்கப்பட்டது. பின்னர் எழுத்துப்பிழை திருத்த மூன்று சுற்றுகளும், வடிவமைப்புக்கு இரண்டு சுற்றுகளும் என விரிந்தது. முதற்சுற்றில் புதியவர்கள் ஈடுபடலாம். மேற்சுற்றுகளுக்குப் பயிற்சியும் தேர்ச்சியும் வேண்டும். அங்கே புதியவர்களுக்குக் கற்பிக்கப்படும் முதல் விதி, நூலாசிரியர் எழுதியதை மாற்றாதே என்பதாகும். மூலத்தில் பிழையெனத் தோன்றுவதைத் திருத்தாமல், அருகில் உடுக்குறியிட்டுக் குறிப்பு மட்டும் எழுதவேண்டும். இப்னுஸ் ஸலாஹ் விளக்கிய அதே ஒழுங்கு, வேறொரு காலத்தில், வேறொரு மொழியில் மீண்டும் தேவைப்பட்டிருக்கிறது. நேர்மையாகப் படியெடுக்க முனைபவர் எவராயினும் இவ்விடத்திற்கே வந்து சேர்கின்றனர்.

மதுரைத் திட்டமும் சீறாப்புராணமும்

1998-ஆம் ஆண்டு பொங்கல் நாளில் மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. அதன் தலைவர் முனைவர் கு. கல்யாணசுந்தரம் அவர்கள் சுவிட்சர்லாந்தின் லொசான் நகரில் பணியாற்றிய வேதியியல் அறிஞர். பல நாடுகளில் வாழ்ந்த தமிழர்கள் மின்னஞ்சல் வழியாக இணைந்தனர். ஒருவர் தட்டச்சு செய்வார். வேறொருவர் மெய்ப்புப் பார்ப்பார். அவர்களுள் பலர் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை.

அக்காலத்தில் தமிழ் அச்சைக் கணினி தானே படித்தறியும் வசதி இல்லை. ஒவ்வோர் எழுத்தும் கையால் உள்ளிடப்பட்டது. அதனினும் பெரிய இடர் எழுத்துருவில் இருந்தது. ஒரு முறையில் உள்ளிட்ட தமிழ், வேறோர் எழுத்துரு கொண்ட கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். முதலில் தனி எழுத்துருக்கள், பின்னர் ‘திஸ்கி’ குறியேற்றம், அதன்பின் உலகப் பொதுவான ஒருங்குறி என்று, ஏற்கெனவே முடித்த நூல்களையும் மீண்டும் மீண்டும் மாற்றியமைக்க நேர்ந்தது. ஒருங்குறிக்கு மாற்றப்படாதிருந்தால் அந்த உழைப்பு இன்றைய கைபேசிகளில் படிக்க இயலாத குப்பையாகியிருக்கும். நூலகம் நடத்துவதென்பது தொடங்கிவைப்பதோடு முடிவதில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இத்திட்டத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்ட தொகுப்புகள் வெளிவந்துள்ளன. ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் உள்ளிட்டவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோர்க்கு நன்றி கூறப்பட்டிருக்கும். அரபுச் சுவடிகளின் இறுதியில் எழுத்தர் தம் பெயரையும் நாளையும் எழுதி, படிப்பவரிடம் துஆ வேண்டும் மரபை அது நினைவூட்டுகிறது.

அத்தொகுப்பில் உமறுப்புலவரின் சீறாப்புராணமும் உள்ளது. பெருமானாரின் வாழ்வை விலாதத்துக் காண்டம், நுபுவ்வத்துக் காண்டம், ஹிஜ்ரத்துக் காண்டம் என்னும் மூன்று காண்டங்களில், 5,027 விருத்தப் பாக்களில் பாடிய இக்காப்பியம் பதினேழாம் நூற்றாண்டில் தோன்றியது. கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் ஆதரவும், சதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) அவர்களின் பெயரும் அதன் வரலாற்றோடு பிணைந்துள்ளன. நெடுங்காலம் ஓலைச்சுவடியில் இருந்த அதனை, காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கப்துல் காதிறு நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் ஏடுகளைத் தேடி ஒப்பிட்டு 1842-இல் அச்சேற்றினார்கள்.

ஓலையிலிருந்து அச்சுக்கு ஒரு முறை. அச்சிலிருந்து திரைக்கு இன்னொரு முறை. இரண்டு கடப்புகளிலும் ஒப்பிட்டுப் பார்த்த கண்கள் இருந்தன. அவை இல்லாதிருந்தால் இன்று அயல்நாட்டில் பிறந்து வளரும் ஒரு தமிழ் முஸ்லிம் பிள்ளை, ஹிஜ்ரத்துக் காண்டத்தைத் தன் கைபேசியில் திறந்து படிக்க வழியில்லை.

எரிந்த நூலகத்தின் பின்

1981-ஆம் ஆண்டு மே மாத இறுதி இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. வேறெங்கும் பிரதியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. மர்வின் துயரம் தமிழுக்கும் நேர்ந்தது.

அந்த இழப்பின் நினைவோடு வளர்ந்த தலைமுறையினர் 2005-இல் ‘நூலகம்’ என்னும் பெயரிலேயே ஒரு மின்னூலகத்தைத் தொடங்கினர். ஈழத்துத் தமிழ் நூல்கள், இதழ்கள், சிறப்புமலர்கள், துண்டுப்பிரசுரங்கள் யாவும் பக்கம் பக்கமாகப் படமெடுக்கப்பட்டு அங்கே வைக்கப்படுகின்றன. இலங்கை முஸ்லிம்களின் நூல்களும் இதழ்களும் அவற்றுள் உண்டு. மதுரைத் திட்டம் எழுத்தை மீட்டது. நூலகம் ஏட்டின் உருவத்தையே மீட்கிறது. இரண்டும் தேவை. எழுத்தாக இருப்பின் தேடிக் கண்டடையலாம். படமாக இருப்பின் எழுத்தில் ஐயம் வரும்போது மூலத்தைப் பார்த்துத் தெளியலாம்.

இவ்விரண்டையும் ஒரே இடத்தில் இணைப்பது விக்கிமூலம். அங்கே பக்கத்தின் படமும் எழுத்தும் அருகருகே இருக்கும். மெய்ப்புப் பார்க்கப்படாத பக்கம் சிவப்பு நிறம் பெறும். ஒருவர் பார்த்தபின் மஞ்சளாகும். இன்னொருவர் சரிபார்த்தபின்னரே பச்சையாகும். மஞ்சளாக்கியவரே பச்சையாக்க இயலாது. கதீப் அல்-பக்தாதீயின் வெறும் வட்டத்தையும் புள்ளியிட்ட வட்டத்தையும் அறிந்தவர்க்கு இந்நிறங்களின் பொருள் உடனே விளங்கும்.

நம் நூல்களின் நிலை

இனி நம்மைப் பற்றிச் சிந்திப்போம். ம.மு. உவைஸ், பீ.மு. அஜ்மல்கான் ஆகிய பேரறிஞர்கள் ‘இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாறு’ என்னும் பெருந்தொகுதிகளில் விவரித்த நூல்களின் பெயர்களைப் பார்த்தால் வியப்பு மேலிடும். காப்பியம், மாலை, கிஸ்ஸா, நாமா, படைப்போர், முனாஜாத்து, மசலா என அவை விரிகின்றன. அவற்றுள் இணையத்தில் திருத்தமான எழுத்தாகக் கிடைப்பவை மிகச் சிலவே. பல நூல்கள் பழைய வீடுகளின் அலமாரிகளிலும் மத்ரஸாக்களின் பரண்களிலும் செல்லரித்துக் கொண்டிருக்கின்றன.

அரபுத்தமிழின் நிலை இதனினும் கவலைக்குரியது. தமிழை அரபு எழுத்தில், தமிழொலிகளுக்கெனச் சேர்த்த சிறப்பெழுத்துகளோடு எழுதிய மரபு அது. கீழக்கரை இமாமுல் அரூஸ் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (ரஹ்) அவர்களின் ‘மஃகானி’ போன்ற நூல்களிலிருந்து நம் பாட்டிமார் தொழுகையையும் நோன்பையும் கற்றனர். இன்று அவ்வெழுத்தைச் சரளமாகப் படிக்கவல்லவர்கள் பெரும்பாலும் முதியவர்களே. அவர்கள் காலத்தில் ஒப்பிடப்படாத ஏட்டைப் பின்னர் ஒப்பிடுவார் யார்?

மெய்ப்புப் பார்க்கும் பணியை வேறெவரேனும் நமக்காகச் செய்துவிடுவர் என்று எதிர்பார்ப்பதிலும் இடர் உண்டு. 1978-ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தத்திற்கு முந்தைய அச்சுகளைக் கணினி பலவிடங்களில் தவறாகப் படிக்கிறது. அதனைத் திருத்த அமர்பவர் அரபுச் சொற்களை அறியாதவராயின், ‘தீன்’ என்பதைத் ‘தேன்’ என்று எண்ணித் திருத்திவிடக்கூடும். ‘றசூல்’ என்னும் பழைய எழுத்துமுறையைப் பிழையென்று மாற்றிவிடக்கூடும். அவர் மீது குற்றமில்லை. அச்சொல்லை வீட்டில் கேட்டு வளர்ந்தவர் அப்பணிக்கு வராததே குறை.

ஒரு குடும்பம் செய்யத்தக்கவை

இப்பணிக்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. வீட்டில் பழைய நூல்கள் இருப்பின் முதலில் அவற்றின் பெயர், ஆசிரியர், அச்சிட்ட இடம், ஆண்டு ஆகியவற்றை ஒரு பட்டியலாக எழுதலாம். பக்தாதில் நூல்களைப் படியெடுத்து விற்ற குடும்பத்தில் பிறந்த இப்னுந் நதீம், கி.பி. 987-988-இல் தொகுத்த ‘அல்-ஃபிஹ்ரிஸ்த்’ என்னும் நூற்பட்டியல், பின்னர் மறைந்துபோன எத்தனையோ நூல்களின் பெயரையேனும் நமக்குக் காத்துத் தந்தது. பட்டியலே காப்பின் முதற்படி.

அடுத்து உரிமையை ஆராய வேண்டும். பிறர் உரிமையை மீறிச் செய்யும் தர்மம் தர்மமாகாது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுகள் கழிந்தபின் நூல் பொதுவுடைமையாகிறது. இலங்கையில் 70 ஆண்டுகள். அதற்குட்பட்ட நூலாயின் உரிமையுடையோரின் எழுத்துபூர்வமான இசைவைப் பெறவேண்டும். நம் ஊர்களில் ஆசிரியரின் பிள்ளைகளும் பேரர்களும் அறிமுகமானவர்களாகவே இருப்பர். தம் பாட்டனாரின் நூலை இவ்வாறு வக்ஃபு போல் வழங்க அவர்களுள் பலர் மகிழ்ந்து இசையக்கூடும்.

அதன்பின் நூலைப் பிரிக்காமல், மடிப்பு உடையாமல், நல்ல வெளிச்சத்தில் ஒவ்வொரு பக்கத்தையும் படமெடுத்து, ஏற்கெனவே இயங்கும் மின்னூலகங்களுக்கு வழங்கலாம். புதிதாக ஒரு தளம் தொடங்கி இரண்டாண்டுகளில் கைவிடுவதைக் காட்டிலும் இது நிலைக்கும். இறுதியாக, மெய்ப்புப் பணி. பேரப்பிள்ளை திரையில் உள்ள எழுத்தை உரக்கப் படிக்க, பாட்டனார் ஏட்டைப் பார்த்துச் சரிசொல்லலாம். முகாபலா பண்டைய அவைகளில் இவ்வாறே நடந்தது: ஒருவர் வாசிப்பார், மற்றவர் தம் பிரதியைப் பார்த்திருப்பார். நாளுக்கு ஒரு பக்கம் என்று ஒரு குடும்பம் தொடர்ந்தால், ஆண்டுக்கு 365 பக்கங்கள். நம் பழைய நூல்களுள் பல அதனினும் சிறியவை.

மர்வில் யாகூத்துக்கு நூல் எடுத்துக் கொடுத்த நூலகப் பணியாளர்களின் பெயர்களை நாம் அறியோம். வட்டத்தின் நடுவே புள்ளி வைத்த கைகளும் பெரும்பாலும் பெயரற்றவையே. அவர்களுடைய கூலி அல்லாஹ்விடம் குறைவின்றி இருக்கிறது. நம் வீட்டு அலமாரியில் இன்னும் ஒப்பிடப்படாத ஏடுகள் காத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே அப்பணியைத் தொடங்க வல்ல இறைவன் நமக்கு அருள்புரிவானாக. ஆமீன்.